மலைப்பக்கம் உட்காருகிறவர்

போடிமெட்டுச் சாலையில் ஜீப்பில் ஏறிப் பழகியவர்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மலையும் பள்ளமும் இடம் மாறிக்கொள்ளும். அதுவரை இடது கைப்பக்கம் வந்துகொண்டிருந்த பள்ளம், வளைவு திரும்பியதும் வலது கைப்பக்கம் வந்து நிற்கும். நாமெல்லாம் அதைக் கண்டுகொள்வதில்லை. அவர் கண்டுகொள்வார்.

வளைவு நெருங்கும்போதே "நிறுத்துப்பா" என்பார். ஜீப் நிற்கும். வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குவார். மறுபடி ஏறி, எதிர்ப் பெஞ்சில் மலை ஒட்டி வரப்போகும் பக்கமாக உட்காருவார். ஒரு கால் உள்ளே இருக்கும், இன்னொரு கால் பின்படியில் இருக்கும். குதிக்க வேண்டி வந்தால் குதிப்பதற்கு. "ம், போகலாம். ஹாரன் அடி." பின்னால் நிற்கும் பஸ்காரர் அதற்குள் எங்கள் குடும்பத்தையே விசாரித்து முடித்திருப்பார்.

"அய்யா, நீங்க இறங்கி ஏறுற நேரத்துக்கு நடந்தே போடி போயிரலாம்" என்பான் டிரைவர் பால்பாண்டி.

"நடந்து போனவன் யாரும் பள்ளத்துல உருண்டதில்லப்பா."

"காட்டுமாடு முட்டி உருண்டிருக்கான்."

அதன் பிறகு அவர் நடப்பதையும் குறைத்துக்கொண்டார்.

இந்த மனிதர்தான் ஒரு காலத்தில் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர். அட்வகேட் ஜெனரல். அரசாங்கத்தின் மேல் யார் வழக்குப் போட்டாலும், கோர்ட்டில் எழுந்து நின்று அரசாங்கத்தின் சார்பில் பேசுகிறவர். சிலமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம், மெட்ராஸுக்குப் போய்ப் படித்து அந்த உயரத்துக்கு ஏறியவர். வேலையை விட்டதும், மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரள எல்லைக்குள் இருந்த கொஞ்ச ஏலத்தோட்டத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தோட்டத்தில் களை எடுக்கும் பெண்கள் ஜெனரல் என்றதும் பட்டாளத்துக்காரர் என்று நினைத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் விறைப்பாக நின்றார்கள். அட்டைப் பூச்சிக்குப் பயந்து முழங்கால் வரை புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு போகும் ஒருவரை எந்தப் பட்டாளம் வைத்துக்கொண்டது என்று அவர்களும் கேட்கவில்லை.

எனக்குப் போடியில் ஏலக்காய் ஸ்டோர். வாரம் ஒரு நாள் மேலே போய் அவருடைய காயை எடுத்து வருவேன். அந்த வகையில்தான் பழக்கம். காப்பியா டீயா என்று கேட்டால் இரண்டுக்கும் உள்ள ஆட்சேபணையைச் சொல்லிவிட்டுத்தான் ஒன்றைக் கேட்பார். நாய் குரைத்தால் "நம்மளப் பாத்தா?" என்பார். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, திரும்பப் போய்ப் பார்த்து, சமையல்காரர் தங்கவேலுவையும் அனுப்பிப் பார்க்கச் சொல்லி, கடைசியில் என்னையும் அனுப்புவார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எரியலங்கய்யா, ஆனா எரியணும்னு ஆசைப்படுது" என்பேன். சிரிக்க மாட்டார். இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு தூறல் நாளில் கேட்டேன். "அய்யா, அந்த வேலைல அப்படி என்னதான் செய்வீக?"

"பயப்படுறது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அரசாங்கத்துக்குப் பயமே தெரியாது அப்பு. போலீசு இருக்கு, கஜானா இருக்கு, கொடி வச்ச காரு இருக்கு. அது எதுக்குப் பயப்படும்? அதுக்குப் பதிலாப் பயப்பட ஒரு ஆளு வேணுமில்ல? கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்துலயே வெள்ளைக்கார வக்கீலைக் கப்பல்ல கொண்டாந்து உக்கார வச்சான். அப்புறம் நம்மாளுக அந்த நாற்காலிக்கு வந்தாக. அரசியல் சட்டம் எழுதுனவுகளும் அதைத் தூக்கி எறியல. மாநிலத்துக்கு ஒண்ணுன்னு போட்டு வச்சாக. ஐகோர்ட் ஜட்ஜாகுறதுக்குத் தகுதி இருக்கணும்னு வேற எழுதி வச்சாக."

"எத்தனை வருசத்துக்கு?"

"வருசமா? கவர்னர் பிரியப்படுற வரைக்கும். ஜீப்புக்குப் பின்னால தொத்திக்கிட்டு வர்றவன் மாதிரி. வரலாம், ஆனா சீட்டு கிடையாது. ஆட்சி மாறுனா நாமளா இறங்கிக்கிறதுதான் மரியாதை. சட்டசபைக்குள்ள போயி பேசலாம், ஓட்டுப் போட முடியாது. சம்பந்தி வீட்டுப் பஞ்சாயத்து மாதிரின்னு வச்சுக்கயேன். அப்புறம், கேக்க நாதி இல்லாத தர்மச் சத்திரம், பொதுப் பாதைய மறிச்சு நிக்கிற சுவரு, இதுக்கெல்லாம் ஊருக்காக நாமதான் வாதியா நிக்கலாம்."

"இவ்வளவு பெரிய வேலைய ஏன் விட்டீக?"

"ஒரு மந்திரி வந்தாரு. கோர்ட்ல ஒரு விசயத்தை இப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு. அப்படி நடக்கல. என்னால சொல்ல முடியாதுங்க, பயமா இருக்குன்னேன். இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீங்கன்னு சிரிச்சாரு. ஆமாங்கன்னேன். மறுநாள் பெட்டியக் கட்டிட்டேன்." அதற்குப் பிறகு எந்தக் கோர்ட் வாசலையும் அவர் மிதித்ததில்லை. எதிர்ப்பட்டு யாராவது 'என்னங்க அய்யா' என்று கேட்டுவிடுவார்களோ என்று, அதற்கும் பயம்.

இதைக் கேட்டு நெகிழ்ந்து போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அன்று சாயங்காலமே போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவர் ஜீப்பில் இறங்கி ஏறுவதை நடித்துக் காட்டினேன். நல்ல வரவேற்பு.

நம் தொழிலே அதுதான். ஏலக்காய் ஸ்டோர் பெயருக்கு. ஏலக்காய்க்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் காலையில் நான் ஒரு ஜோக் போட்டால்தான் பாதிப் பேருக்குப் பல் தேய்க்கவே தோன்றும். அப்படி ஒரு நாள் போட்டேன். எங்கள் தொழிலில் காய்ந்த காயைச் சல்லடையில் போட்டு ஆட்டுவோம். பொடிக்காய் ஓட்டை வழியாகக் கீழே விழுந்துவிடும். பெருவெட்டுக் காய் மேலேயே நிற்கும். அதற்கு எட்டு எம்.எம். என்று பெயர், அதற்குத்தான் ஏலத்தில் மதிப்பு. நான் எழுதியது இவ்வளவுதான்: 'கோர்ட்டிலயும் ஒரு சல்லடை இருக்கு. எட்டு எம்.எம். ஆளுன்னா உடனே ஸ்டே. பொடிக்காய்னா வாய்தா.'

சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அதில் ஒன்று குரூப்பில் இருந்த ஒரு வக்கீலுடையது. சிரித்து முடித்துவிட்டு நேராக மனு எழுதப் போயிருக்கிறார்.

கோர்ட்டைக் கேவலப்படுத்திவிட்டான் என்று தனியாள் ஒருவர் இன்னொருவர் மேல் கிரிமினல் அவமதிப்பு வழக்குப் போட வேண்டுமென்றால், நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாதாம். முதலில் அட்வகேட் ஜெனரலிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் வழக்கு. குற்றம் என்று தீர்ப்பானால் ஆறு மாதம் வரை உள்ளே. அந்தச் சம்மதத்தை ஏன் கொடுக்கக் கூடாது என்று நேரில் வந்து விளக்கம் சொல்லுமாறு அவருடைய அலுவலகத்திலிருந்து எனக்குத் தபால் வந்தது.

படித்ததும் நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்ல முடியாது, வரிசையாகச் செய்யவில்லை. போனை அணைத்தேன். அணைத்த போனை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். ஜெயிலில் தரையில்தான் படுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து, ஒத்திகைக்குத் தரையில் படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"ஆறு மாசம் உள்ள இருந்தா சக்கரை குறைஞ்சிரும்" என்றாள் என் மனைவி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏங்க, உள்ள போனா வாய மூடிக்கிட்டு இருங்க. அங்கயும் ஒரு குரூப் ஆரம்பிச்சிராதீக" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவள் சும்மா அழுகிற ஆள் இல்லை.

அரிசி டப்பாவிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். குரூப்பிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நானும் அந்த வக்கீலும்தான் மிச்சம்.

விடிந்ததும் மேலே போனேன். அவர் தபாலை வாங்கி ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"அய்யா, இப்ப அந்த நாற்காலியில இருக்கிறவரு உங்ககிட்டத் தொழில் பழகினவர்னு சொன்னாக. ஒரே ஒரு போன் போடுங்கய்யா."

"அதனாலதான் போடக் கூடாது."

"ஒரு வார்த்தை..."

"இப்ப உன் மேல மட்டும் கேஸு. போன் போட்டா என் மேல ஒண்ணு, அவர் மேல ஒண்ணு."

"அப்ப நான் இப்படியே கேரளாவுலயே இருந்துர்றேன். எல்லை தாண்டியாச்சில்ல?"

"இங்கயும் ஒரு ஏ.ஜி. இருக்காரு அப்பு. சட்டம் செக்போஸ்ட்டுல இறங்கிக்கிறது இல்ல."

பிறகு ஒரு காரியம் செய்தார். வரவேற்பறை மேசையை நடுவில் இழுத்துப் போட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்தார். வேட்டியைச் சரி செய்தார். தங்கவேலுவைக் கூப்பிட்டு ஒரு பக்கம் நிற்க வைத்தார். "நீதான் மனுதாரர்." தங்கவேலு கரண்டியோடு நின்றார். என்னை எதிர்ப் பக்கம் நிற்கச் சொன்னார். அவர் முதுகு நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். நாய் குரைத்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க எழுதினதைச் சொல்லுங்க" என்றார். 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது.

"கோர்ட்டிலயும்... ஒரு..." அதற்கு மேல் வரவில்லை. ஊரையே சிரிக்க வைத்த வாய்.

அவர் தலையை லேசாகச் சாய்த்தார். "சல்லடை இருக்குன்னு எழுதியிருக்கீங்க. சரி. அந்தச் சல்லடையை யார் ஆட்டுறாங்க?"

அதை நான் யோசித்ததே இல்லை.

"நீதிபதி ஆட்டுறாருன்னா, ஆள் பாத்து நீதி சொல்றாருன்னு அர்த்தம். அதுதான் அவமதிப்பு. அவர் இல்லன்னா வேற யாரு? சொல்லுங்க."

"அய்யா, மன்னிச்சிருங்க, தெரியாமப் பண்ணிட்டேன், இனிமே ஜோக்கே சொல்ல மாட்டேன், பிள்ளகுட்டிக்காரன்..." எங்கிருந்து வந்ததோ, கண்ணீர் கொட்டியது. தங்கவேலு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மனுவ வாபஸ் வாங்கிக்கிறேங்கய்யா" என்றார்.

"சம்மதம் கொடுக்கப்படுகிறது" என்றார் அவர்.

"அய்யா!"

"கேட்ட கேள்விக்குப் பதில் வரல. மன்னிப்பு மட்டும் வந்துச்சு. அப்ப, தப்புன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான்னுதான் அந்த நாற்காலிக்குத் தோணும். உத்தரவுல எழுதி வைக்கிறதுக்கு வேற ஒண்ணும் நீ குடுக்கல." மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். முதுகு மறுபடியும் வளைந்தது. "சரி, அடுப்ப அணைச்சாச்சா பாரு."

விசாரணை மதுரையில். அன்று காலை அவரிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று பால்பாண்டியோடு மேலே போனேன். அவர் சட்டை போட்டு வாசலில் நின்றார். "நானும் வர்றேன்."

"நீங்களா? கோர்ட்டுப் பக்கமா?"

"வெரசா ஏறு. மழை வந்துரும்."

அவர் வழக்கம்போல் மலைப்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் வளைவு வந்தது. பால்பாண்டி பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். 'நிறுத்து' என்ற சத்தம் வரவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "எழுதினது காலையிலயா சாயங்காலமா? யாரையும் மனசுல வச்சு எழுதினியா? அந்த வாரம் எதுவும் தீர்ப்பு வந்துச்சா? உங்க கேஸு எதுவும் கோர்ட்ல கிடக்கா?" அடுத்தடுத்த வளைவுகளும் போயின. மூடுபனி ஜீப்புக்குள்ளேயே வந்துவிட்டது. பள்ளம் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு வந்தது. அவர் கேள்வியை நிறுத்தவில்லை, ஜீப்பையும் நிறுத்தவில்லை. இரண்டு காலும் உள்ளேயே இருந்தன.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தன் பள்ளத்தை மறந்துவிட்டு இந்த மனிதர் பயப்படுகிறார் என்றால், என் பள்ளம் எவ்வளவு ஆழம்!

அலுவலகத்துக்கு ரொம்ப முன்னாலேயே ஒரு மர நிழலில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். "இதுக்கு மேல வந்தா சிபாரிசு ஆயிரும்." ஜீப்பின் படுதாவை இறக்கிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, அந்த வெயிலில் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரு வக்கீல் பிடித்திருந்தேன். அவர் உள்ளங்கை என்னுடையதைவிட ஈரமாக இருந்தது. பெரிய மேசைக்குப் பின்னால் இப்போதைய தலைமை வழக்கறிஞர் இருந்தார். மனு கொடுத்த வக்கீல் எழுந்து, நாட்டில் நீதியின் மேல் இருந்த கடைசி நம்பிக்கையையும் நான்தான் பறித்தேன் என்பதுபோல் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே என் மேல் கோபம் வந்தது.

"நீங்க எழுதினதை நீங்களே சொல்லுங்க" என்றார் தலைமை வழக்கறிஞர்.

சொன்னேன். ஒரு வார்த்தைகூட விடாமல். யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாகப் போன ஜோக் கிடையாது.

அவர் தலையை லேசாகச் சாய்த்தார். அந்தச் சாய்ப்பு எனக்குத் தெரிந்ததாக இருந்தது. "சரி. அந்தச் சல்லடையை யார் ஆட்டுறாங்க?"

மன்னிச்சிருங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வரிசையில் முதல் ஆளாக நின்றது. பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்து வந்த அந்த முழங்கை ஞாபகம் வந்தது. வார்த்தையை விழுங்கினேன்.

"எங்க ஸ்டோர்ல நான்தாங்க ஆட்டுறது. எட்டு எம்.எம். வேணுங்கிறவன்தான் ஆட்டுவான். சல்லடை தானா ஆடாதுங்க. கோர்ட்லயும் வசதி இருக்கிறவன் பெரிய வக்கீலா வச்சு, நல்லா ஆட்டத் தெரிஞ்ச ஆளாப் பாத்து ஆட்டுறான். பொடிக்காய்க்கு ஆட்டுறதுக்கு ஆளில்ல. ஜட்ஜ் அய்யா ஆட்டுறாருன்னு நான் எழுதல. அப்படி நினைக்கவும் இல்ல. உண்மையச் சொன்னா, யாரு ஆட்டுறாங்கன்னு எழுதும்போது யோசிக்கவே இல்லீங்க. கேவலப்படுத்தணும்னு நினைச்சு எழுதல, சிரிப்பாங்கன்னு நினைச்சு எழுதினேன்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். "நீங்க போகலாம்."

ஜீப்புக்குத் திரும்பி, நடந்ததைச் சொன்னேன். துண்டுக்குள்ளிருந்து, "கடைசி வரி தேவையில்லாதது" என்று சத்தம் வந்தது.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. சம்மதம் மறுக்கப்படுகிறது. என் மனைவி அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, திரும்ப எடுத்து, எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை படித்தாள். நான் ஒரு கிலோ பால்கோவாவோடு மேலே ஓடினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். பால்கோவாவைத் தொடவில்லை. "சந்தோசப்படாத. தனியாளுக்குத்தான் இந்தச் சம்மதம். கோர்ட்டே தானா எடுத்துக்கிட்டா யார் கையெழுத்தும் வேண்டாம். நீ எழுதின நாள்ல இருந்து ஒரு வருசம் வரைக்கும் அது வரலாம்."

"அய்யா, கொஞ்சம் சந்தோசமா இருக்க விடுங்கய்யா!"

"நீ இரு. நான் பயந்துக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். வாரா வாரம் காய் எடுக்கப் போகும்போது முதல் கேள்வி, "தபால் எதுவும் வந்துச்சா?" இல்லை என்றால் தலையாட்டிவிட்டு, இன்னும் எத்தனை மாதம் என்பார். மழைக்காலம் வந்தது, காய் முற்றியது, அவர் மாதங்களைக் கழித்துக்கொண்டே வந்தார். நான் நிம்மதியாகத் தூங்கினேன். புதிய குரூப் ஆரம்பித்தேன். வக்கீலைச் சேர்க்கவில்லை.

வருசம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "அணைஞ்சுதான் இருந்துச்சு. நானும் போய்ப் பாத்தேன்" என்று தங்கவேலு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களுக்கு நானே பயப்பட வேண்டியதாயிற்று. எனக்கு அந்த வேலை சரியாக வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். ஆத்தாடி, எப்படித்தான் அந்த மனிதர் ஒரு மாநிலத்துக்கே சேர்த்துப் பயந்தாரோ.

வருசம் முடிந்தது. ஒன்றும் வரவில்லை. மறுநாள் காய் எடுக்க மேலே போனோம். ஜீப்பின் பின்பக்கம் நான் மட்டும், மலைப்பக்கப் பெஞ்சில் இருந்தேன். முதல் வளைவில் யாரும் சொல்லாமலேயே பால்பாண்டி ஜீப்பை நிறுத்திவிட்டான். பழக்கம். நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது.

நான் இறங்கினேன். சுற்றி வந்து ஏறி, எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு காலைப் பின்படியில் வைத்துக்கொண்டேன்.

"என்னண்ணே இது? கேஸுதான் முடிஞ்சிருச்சே."

"இருக்கட்டும். நீ ஹாரன் அடி."